ஸ்டியரிங் லேசாகும் இடம்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கோட்டைவாசல் ஏறி ஆரியங்காவுக்கு லோடு ஓட்டும் பழைய டிரைவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சாரல் காலத்து எஸ் வளைவு பற்றி ஒரே பாடம்தான் சொல்வார்கள்: வளைவில் ஸ்டியரிங் லேசானால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடு. அந்த நொடியில் முன்டயர் இன்னும் வழுக்கியிருக்காது. வழுக்கப்போகிறது என்ற சேதி கைக்கு முதலில் வந்துவிடுகிறது. பவர் ஸ்டியரிங் வந்த பிறகு அந்தச் சேதி மங்கிவிட்டது, அழியவில்லை.

தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மேசையில் ஸ்டியரிங் வீலைப் பொருத்திக் கணினியில் ரேஸ் ஓட்டும் இளைஞர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். வீல் வாங்கியதும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, ஃபோர்ஸ் ஃபீட்பேக், அதாவது வீலுக்குள் இருக்கும் மோட்டார் கைக்குத் தரும் எதிர்விசை, அதன் அளவுகள் எல்லாவற்றையும் நூறுக்கு ஏற்றுவது. காசு கொடுத்து வாங்கிய மோட்டார், முழுசாக வேலை செய்யட்டும் என்ற நியாயம்தான். ஆனால் அப்படி ஏற்றினால், டிரைவர்கள் சொல்லும் அந்த லேசாகும் கணம்தான் முதலில் காணாமல் போகிறது.

ஏன் என்று புரிய டயரிலிருந்து தொடங்க வேண்டும். வளைவில் திரும்பும் டயர், அது பார்க்கும் திசையில் அப்படியே உருளுவதில்லை. சில டிகிரி விலகித்தான் போகிறது. இதற்கு வழுக்குக் கோணம் என்று பெயர். தரையைத் தொடும் ரப்பர்ப் பரப்பின் முன்விளிம்பில் ரப்பர் கோணாமல் நுழைகிறது; பின்பக்கம் நகர நகர அதிகமாக இழுபடுகிறது. அதனால் பக்கவாட்டு விசையின் மையம் பரப்பின் நடுவில் விழாமல் கொஞ்சம் பின்தள்ளி விழும். அந்தச் சிறு தூரம்தான் டயரை நேராக்கப் பார்க்கும் நெம்புகோல். அலைன்மெண்ட் கடைக்காரர் 'காஸ்டர்' என்று சொல்லும் சாய்வால் வரும் தூரமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. விசையையும் இந்த இரண்டு தூரங்களின் கூட்டலையும் பெருக்கினால் கைக்கு வரும் முறுக்கு கிடைக்கும்.

இனி ஸ்டியரிங்கை மேலும் ஒடிக்கிறோம். ரப்பர்ப் பரப்பின் பின்பகுதி பிடியை விட்டு வழுக்கத் தொடங்கும். பக்கவாட்டு விசை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அதன் மையம் முன்னால் நகர்ந்துவிட்டது, நெம்புகோல் சுருங்கிவிட்டது. ஆகவே முறுக்கு தன் உச்சத்தைத் தொட்டுக் கீழே இறங்குகிறது. பிடி உச்சத்துக்குப் போகும் முன்பே முறுக்கு இறங்கிவிடும் என்பதுதான் விஷயம். ஈரத்தில் இந்த உச்சம் இன்னும் சிறியது, இன்னும் சீக்கிரம் வருவது.

அசெட்டோ கோர்ஸா, ஐரேசிங் போன்ற நல்ல சிமுலேட்டர்கள் இந்தக் கணக்கை நொடிக்குச் சில நூறு தடவை போட்டு, ஸ்டியரிங் தண்டில் எவ்வளவு முறுக்கு என்று கண்டுபிடித்து மோட்டாருக்கு அனுப்புகின்றன. சிக்கல் இங்கேதான். உண்மையான ரேஸ் காரின் முறுக்கு பெரிது, மேசை வீலின் வலு சிறிது. பல்சக்கரம் வைத்த லாஜிடெக் ஜி29 வீல் தருவது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் (முறுக்கின் அலகு). மோட்டார் தண்டிலேயே வீலை மாட்டும் டைரக்ட் டிரைவ் வகையில் மோஸா ஆர்5 தருவது 5.5, லாஜிடெக் ஜி ப்ரோ 11.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேமின் கார் ஒரு வளைவில் அதிகபட்சம் 20 நியூட்டன் மீட்டர் எழுப்புகிறது, நம் வீலின் எல்லை 8. கெய்னை, அதாவது கேம் அனுப்பும் முறுக்கை எத்தனை மடங்காக்குவது என்ற அளவை, சரியாக வைத்தால் 20 என்பது 8 ஆகச் சுருங்கும், 10 என்பது 4 ஆகும். கெய்னை இரட்டிப்பாக்கினால் 10 வந்ததுமே வீல் தன் 8-ஐத் தொட்டுவிடும். அதற்குமேல் 12 வந்தாலும் 18 வந்தாலும் கைக்கு அதே 8தான். டயர் உச்சம் கண்டு 20-லிருந்து 14-க்கு இறங்கும்போதும் கை 8-ஐத்தான் உணரும். இறக்கம் நடந்தது, நமக்குச் சொல்லப்படவில்லை. இந்த வெட்டுப்படுவதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள்.

கெய்ன் நூறில் இருந்த ஒரு வீலில், மலைப்பாதையில் லாரி ஓட்டிப் பழகிய உறவினர் ஒருவர் உட்கார்ந்து இரண்டு சுற்று ஓட்டிவிட்டுச் சொன்னது: "மருமவனே, இது என்ன ஸ்டியரிங்கா ஆட்டுரலா? டயரு பிடிக்கும்போதும் கனம், வழுக்கும்போதும் அதே கனமால்லா இருக்கு!" கிளிப்பிங்குக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கை வலிக்கிறது என்று வீலின் சொந்த மென்பொருளில் வலுவைக் குறைப்பார்கள். கேமின் உள்ளேயே வெட்டுப்பட்டு வந்த சிக்னலை வெளியே மெலிதாக்கினால், மெலிந்த வெட்டுதான் கிடைக்கும். முதலில் கேமின் கெய்னைக் குறைத்து வெட்டை நீக்க வேண்டும். பிறகு கைக்கு ஏற்றபடி வீலின் வலுவை வைத்துக்கொள்ளலாம். சின்ன வீல் என்றால் அதன் வலுவை முழுதாக விட்டு, கேமில் மட்டும் குறைப்பது நல்லது. ஐரேசிங்கில் ஒரு குழப்பம்: அங்கே அதிகபட்ச விசை என்ற எண்ணைக் கூட்டினால் வீல் மெலியும், குறைத்தால் கனக்கும்.

எங்கே சோதிப்பது? கீழ்நோக்கிய காற்றழுத்தம் உள்ள காரில் பெரிய முறுக்கு வருவது வேகமான நீண்ட வளைவில்தான். பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் பூஹான் போன்ற இரட்டை இடதுவளைவு இதற்குத் தோது. திரையில் விசைப் பட்டை சிவப்பாகிறதா என்று பாருங்கள். ஓரக்கல்லில் ஏறும்போதும் சுவரில் இடிக்கும்போதும் சிவந்தால் விட்டுவிடலாம். அதையும் அடக்கப் பார்த்தால் சாதாரண வளைவுகள் எல்லாம் உயிரற்றுப் போகும். வளைவின் நடுவில் நிலையாகச் சிவந்து நின்றால் கெய்னை இறக்கத்தான் வேண்டும்.

அடுத்தது வீலின் துள்ளல். நேர் சாலையில் கையை விட்டால் வீல் இடமும் வலமுமாகத் துள்ளும். பழுது இல்லை, தாமதம். கேமுக்குள் கணக்கு சில நூறு தடவை நடந்தாலும், வீலுக்கு நொடிக்கு 60 முறை மட்டும் சிக்னல் வந்தால் ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ 17 மில்லி நொடி. நடுவுக்கு இழு என்ற கட்டளை வந்து சேரும்போது வீல் நடுவைத் தாண்டிப் போயிருக்கும். மறுபடி எதிர்ப்பக்கம் இழுக்கும். இதை அடக்கத்தான் டேம்பிங்: வீல் வேகமாகச் சுழலச் சுழல அதிகமாகத் தடுக்கும். உராய்வு என்ற அளவு எந்த வேகத்திலும் ஒரே மாதிரி தடுக்கும், நிலைமம் வேகம் மாறும்போது மட்டும் தடுக்கும். மூன்றும் சேதியையும் சேர்த்தே அமுக்கும் என்பதால் துள்ளல் அடங்கும் அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். கையை வீலில் வைத்திருந்தாலே பாதித் துள்ளல் அடங்கிவிடும்.

பல்சக்கர வீலுக்குக் குறைந்தபட்ச விசை என்று ஒரு அளவு தேவை. உள்ளேயிருக்கும் உராய்வு சின்ன முறுக்குகளை விழுங்கிவிடுவதால், அவற்றைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும். நடுவில் வீல் தானாக நடுங்கத் தொடங்கும்வரை ஏற்றி, ஒரு படி இறக்கினால் போதும். டைரக்ட் டிரைவில் பெரும்பாலும் இது பூஜ்யம். அசெட்டோ கோர்ஸாவில் ஓரக்கல், சாலை, வழுக்கல் என்று தனித்தனியாக வரும் கூடுதல் அதிர்வுகள் டயர்க் கணக்கில் பிறந்தவை அல்ல, சுவைக்காகச் சேர்த்தவை. எனக்கு அவை இரைச்சல்.

ஆடிக் காற்றில் கரண்ட் போய் வரும் ஊர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஜி29 போன்ற வீல்கள் மின்சாரம் வந்ததும் இரண்டு பக்கமும் தானாகச் சுழன்று நடுவைத் தேடும். கட்டைவிரலைக் கம்பிக்குள் விட்டு வைக்காதீர்கள். வலுவான டைரக்ட் டிரைவில் சுவரில் இடிக்கும்போதும் இதே பழக்கம்தான் விரலைக் காப்பாற்றும்.

எல்லாம் முடிந்ததும் ஈரத் தடத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு மெதுவாகப் போய், ஸ்டியரிங்கைத் தேவைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்துப் பாருங்கள். கனம் ஏறி, ஓரிடத்தில் சட்டென்று இறங்க வேண்டும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் டேம்பிங்கையும் உராய்வையும் பூஜ்யமாக்கிவிட்டு அதே வளைவுக்கு மறுபடி போங்கள்; அப்போதும் தெரியவில்லை என்றால் காரை மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் எல்லா காரின் காஸ்டரும் ஒன்றல்ல. காஸ்டர் மிகுந்த காரில் அந்த இறக்கம் இயல்பாகவே மெலிதாகத்தான் இருக்கும்.