கேட் தேர்வில் எல்லாக் கேள்விகளுக்கும் விடையளிக்காதீர்கள்

எம்.பி.ஏ. போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்காக ஐ.ஐ.எம். நிறுவனங்கள் நடத்தும் கேட் (CAT) நுழைவுத் தேர்வின் முடிவுகள் வெளியானதும், சென்னையில் பயிற்சியளிக்கும் என்னைப் போன்றவர்களின் அறைகளில் ஒரே உரையாடல் திரும்பத் திரும்ப நடக்கும். இந்த முறையும் நடந்தது. மாதிரித் தேர்வுகளில் கணிதப் பிரிவில் 97 பெர்சன்டைலுக்கு (எழுதியவர்களில் 97 விழுக்காட்டினரை முந்தும் நிலைக்கு) குறையாமல் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பொறியியல் மாணவர், உண்மையான தேர்வில் அதே பிரிவில் 80ஐக்கூட எட்டவில்லை. (யாரென்று தெரியாதிருக்க எண்களைச் சற்றே மாற்றியிருக்கிறேன்.) அவர் அளித்த விடைகளைக் காட்டும் ரெஸ்பான்ஸ் ஷீட்டைத் திறந்து பார்த்தால், அந்தப் பிரிவின் எல்லாக் கேள்விகளுக்கும் விடை அளித்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு மாணவர் தலையைக் குனிந்துகொண்டார், உடன் வந்திருந்த தந்தைதான் பதில் சொன்னார்: "விட்டுட்டு வந்தா யார் சார் மார்க் போடுவாங்க? ஒண்ணையும் விடாதேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

அந்தத் தந்தையை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆண்டுதோறும் இதையே கேட்டு என் பொறுமை தீர்ந்துவிட்டதால் இதை எழுதுகிறேன். பாடத்திட்டம், சூத்திரங்கள், எந்தப் புத்தகம் வாங்குவது என்பனவற்றையெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நம் வீடுகளில் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எல்லோரும் அறிந்ததே. பிளஸ் டூ பொதுத்தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. சூத்திரத்தை எழுதினாலே ஒரு மதிப்பெண் விழும். வினாத்தாளில் பிழை இருந்து கருணை மதிப்பெண் தரப்பட்டாலும் தரப்படலாம் என்பதற்காக, கேள்வி எண்ணையாவது எழுதிவிட்டு வா என்று ஆசிரியர்களே சொல்லி அனுப்புவார்கள். அதன் பிறகு வரும் பொறியியல் கலந்தாய்வில் 200க்கு 199.5 எடுத்தவருக்கும் 198 எடுத்தவருக்கும் இடையே கல்லூரியே மாறிவிடும். அரை மதிப்பெண்ணைக்கூட விடக்கூடாது என்ற பாடத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற ஒரு பிள்ளையிடம், பாதிக் கேள்விகளை விட்டுவிட்டு வா என்று நாங்கள் சொன்னால், அது சோம்பேறித்தனத்தின் அறிவுரையாகத்தான் அதன் காதில் விழுகிறது. நீட் தேர்வில் நெகட்டிவ் மார்க் இருப்பதை அறிந்த பெற்றோர்கூட கேட் என்று வந்ததும் பிளஸ் டூ மனநிலைக்கே திரும்பிவிடுவது எனக்கு இன்றுவரை புரியாத ஒன்று.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 2024ஆம் ஆண்டுத் தேர்வில் கணிதப் பிரிவில் 22 கேள்விகள். நேரம் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தெரிவு விடைக் கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் கழிவு. ஒரே அளவு கணிதம் தெரிந்த இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இருவராலும் ஒன்பது கணக்குகளைச் சரியாகப் போட முடியும். எளிமைக்காக எல்லாமே தெரிவு விடைக் கேள்விகள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 22க்கும் விடையளித்து 9 சரி, 13 தவறு என்று முடிக்கிறார்: 27இல் 13 போக 14. இரண்டாமவர் 11 கேள்விகளை மட்டும் தொட்டு 9 சரி, 2 தவறு என்று முடிக்கிறார்: 27இல் 2 போக 25. இது தாராளமான கணக்கு. 40 நிமிடத்தை 22ஆல் வகுத்தால் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. கேள்வியைப் படிப்பதிலேயே அதில் ஒரு பங்கு போய்விடும். அந்த ஓட்டத்தில், தெரிந்த ஒன்பதிலும் இரண்டு மூன்று கைநழுவிப் போகும்.

கெட்டிக்கார மாணவர்கள் இந்த இடத்தில் ஒரு மறுப்பைக் கொண்டுவருவார்கள். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தாலும், நான்கு முறைக்கு ஒரு முறை 3 வரும், மூன்று முறை 1 போகும், ஆகவே சராசரி பூஜ்யம்தானே, நட்டம் என்ன என்பார்கள். கணக்கு சரி. ஆனால் யாரும் உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு தேர்வதில்லை. பாதிவரை போட்டு, எங்கோ சறுக்கி, கிடைத்த எண் விடைகளில் இருப்பதைக் கண்டு மகிழ்ந்து அதைச் சொடுக்குகிறார்கள். அந்த எண் தற்செயலாக அங்கே வந்ததில்லை. எங்கே சறுக்குவீர்கள் என்று தெரிந்தவர்கள்தான் வினாத்தாளைத் தயாரிக்கிறார்கள். புதுச்சேரிக்குப் போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 60 கிலோமீட்டர் என்றால் சராசரி வேகம் 48தான். ஆனால் கொடுக்கப்படும் விடைகளில் 50 கட்டாயம் இருக்கும். கேட் இவ்வளவு எளிதாகக் கேட்காது என்றாலும் அது விரிக்கும் வலை இதே வகைதான். ஆகவே பாதி தெரிந்து போடும் கணக்கு, கண்ணை மூடித் தேர்வதைவிடவும் ஆபத்தானது. அதற்கு நான்கு நிமிடத்தையும் சேர்த்துப் பறிகொடுத்திருப்பீர்கள்.

எல்லா ஊகமும் தவறு என்று நான் சொல்லவில்லை. நான்கில் இரண்டு விடைகளைக் காரணத்தோடு நீக்க முடிந்தால் மிச்சமுள்ள இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த நிலையில் சராசரியாக 1 மதிப்பெண் ஆதாயம். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது. அவற்றை வெறுமையாக விடுவதில் பொருளில்லை. ஆனால் அவற்றுக்காக நேரம் செலவழிப்பது வேறு, கடைசி நிமிடத்தில் எதையாவது இட்டுவிட்டு வருவது வேறு.

பெர்சன்டைலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது சதவீதம் அன்று. "92 எடுத்தும் ஏன் சார் அழைப்பு வரல?" என்று கேட்பவரிடம் நான் சொல்வது இதுதான்: ஏறத்தாழ 3 லட்சம் பேர் எழுதும் தேர்வில் 92 பெர்சன்டைல் என்றால் உங்களுக்கு முன்னால் ஏறத்தாழ 24,000 பேர் நிற்கிறார்கள், 99 என்றால் 3,000 பேர். மறுபக்கம், அந்த 99ஐ எட்ட எல்லா மதிப்பெண்ணும் தேவையில்லை. அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியைச் சுற்றி, சில ஆண்டுகளில் அதற்கும் கீழே எடுத்தவர்களே 99 பெர்சன்டைலைத் தொட்டிருக்கிறார்கள். பாதி போதும் என்னும் தேர்வில் முழுவதையும் துரத்துபவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில் வியப்பில்லை.

எவற்றை விடுவது என்பதற்குப் பயிற்சி வேண்டும். கணிதப் பிரிவை இரண்டு சுற்றுகளாகப் போடுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு கேள்வியையும் அரை நிமிடத்திற்குள் படித்து, வழி உடனே புலப்பட்டால் போடுங்கள்; வழி தெரிந்தும் நீளமாக இருந்தால் மறுபார்வைக்குக் குறியிட்டு நகருங்கள்; ஒன்றும் புலப்படாவிட்டால் அதை மறந்துவிடுங்கள். எண்களும் இயற்கணிதமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, எனவே அந்தக் கேள்விகளை விடமாட்டேன் என்று வீம்பு பிடிப்பவர்கள்தான் இந்தச் சுற்றில் அதிகம் தோற்கிறார்கள். பிடித்த பாடத்திலும் விடவேண்டிய கேள்வி இருக்கும்.

தரவும் தர்க்கமும் சேர்ந்த பிரிவில் இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். அங்கே கேள்விகள் தனித்தனியாக அல்லாமல் தொகுப்புகளாக வரும். 2024இல் 22 கேள்விகள் ஐந்து தொகுப்புகளில் வந்தன. முதல் ஐந்து நிமிடம் எதையும் போடாமல் ஐந்தையும் படித்து, எளிதான இரண்டைத் தேர்ந்தெடுங்கள். கோயம்பேட்டில் காய் வாங்குபவர் முதல் கடையிலேயே பையை நிரப்பிவிடுவதில்லை அல்லவா? இரண்டு தொகுப்புகளை முழுமையாகவும் மூன்றாவதைப் பாதியும் முடித்தவர் பெரும்பாலான ஆண்டுகளில் நல்ல நிலையில் இருக்கிறார். நான் பார்க்கும் பெரிய சேதம் எல்லாம் ஒரே தொகுப்பில் 18 நிமிடம் மாட்டிக்கொள்வதால் வருவது. இவ்வளவு நேரம் கொட்டிவிட்டோமே, விட மனம் வரவில்லை என்பார்கள். ஐந்து நிமிடத்தில் அட்டவணையில் ஒரு கட்டமாவது உறுதியாக நிரம்பவில்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள். கொட்டிய நேரம் திரும்பி வராது.

ஆங்கிலப் பிரிவைப் பற்றி, குறிப்பாகத் தமிழ்வழியில் படித்துவந்த மாணவர்களிடம், ஒரு வேண்டுகோள். சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதை இன்றே நிறுத்துங்கள். இத்தேர்வில் இன்ன சொல்லுக்கு என்ன பொருள் என்று நேரடியாகக் கேட்பதில்லை. 24 கேள்விகளில் 16 கேள்விகள் நான்கு பத்திகளை வாசித்து விடையளிப்பவை. அப்பத்திகள் தத்துவம், வரலாறு, சூழலியல், பொருளாதாரம் என்று நமக்குப் பழக்கமில்லாத துறைகளிலிருந்து வரும். நாள்தோறும் ஒரு மணி நேரம் அத்தகைய கட்டுரைகளை வாசித்து, ஆசிரியர் சொல்ல வருவது என்ன என்பதைத் தமிழிலேயே இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். வீட்டில் அமைதி இல்லையென்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

இப்பிரிவைப் புறக்கணித்துவிட்டுக் கணிதத்தால் ஈடுகட்டலாம் என்பது நம் பொறியியல் மாணவர்களின் இன்னொரு கனவு. பல ஐ.ஐ.எம்.கள் மூன்று பிரிவுகளிலும் தனித்தனியே கட் ஆஃப் (குறைந்தபட்ச வரம்பு) வைத்திருக்கின்றன. ஒன்றில் சறுக்கினால் மொத்தம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் நேர்முகத்துக்கு அழைப்பு வராது. ஒரு பிரிவின் 40 நிமிடத்தில் மிச்சம் பிடித்து அடுத்த பிரிவுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

மாதிரித் தேர்வுகளை நாளுக்கு ஒன்று என்று எழுதிக் குவிக்காதீர்கள். வாரத்திற்கு ஒன்றோ இரண்டோ எழுதி, எழுதிய நேரத்தைவிட அதிக நேரத்தை அதைப் பிரித்துப் பார்ப்பதில் செலவிடுங்கள். தொட்டிருக்கவே கூடாத கேள்விகள் எவை, விட்டிருக்கக்கூடாதவை எவை, தெரிந்தும் தவறியவை எவை என்று மூன்று பத்திகளில் எழுதிவாருங்கள். முதல் பத்தி வாரம்தோறும் சுருங்கவில்லையென்றால் நீங்கள் இன்னும் பிளஸ் டூ தேர்வைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையில் வேலைபார்க்கும் தம்பி, தங்கைகளுக்கு: தேர்வுக்காக வேலையை விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. சேர்க்கையின்போது வேலை அனுபவத்தையும் பல ஐ.ஐ.எம்.கள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. வேலையை விட்டு வருபவரின் தலையில் ஏறும் பாரம் அவரை ஒரு கேள்வியையும் விட முடியாதவராக்கிவிடுகிறது.

ஒவ்வொரு தேர்வின் விதியையும் தனியே படியுங்கள். சேவியர் மேலாண்மை நிறுவனத்தின் சாட் (XAT) தேர்வில் எட்டுக் கேள்விகளுக்கு மேல் விட்டால் அதற்கும் சிறு கழிவு உண்டு; வேறு சில மேலாண்மைக் கல்லூரிகளுக்கான என்மேட் (NMAT) தேர்வில் நெகட்டிவ் மார்க்கே கிடையாது. அப்பாவின் அறிவுரை முழுமையாகச் செல்லுபடியாகும் இடம் என்மேட். வேடிக்கை என்னவென்றால், கேட்டில் அடிபட்ட பயத்தில் அங்கே போய்க் கேள்விகளை விட்டுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள்.

கேட் நவம்பர் இறுதியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையின் உச்சம். தேர்வு மையங்கள் பெரும்பாலும் நகரின் விளிம்பிலுள்ள கல்லூரிகளில் அமையும். முந்தைய நாளே வழியைப் பார்த்து வையுங்கள், தண்ணீர் தேங்கும் சாலைகளுக்கு மாற்றுவழி யோசித்து வையுங்கள், நுழைவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் இரவே எடுத்து வையுங்கள். தேர்வு ஒரே நாளில் பல ஷிப்டுகளாக நடக்கும்; எந்த ஷிப்ட் எளிது என்ற ஆராய்ச்சி வேண்டாம். அதற்காகத்தான் மதிப்பெண்களைச் சமன்செய்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. வாசலில் காத்திருந்து, பிள்ளை வெளியே வந்ததும் "எத்தனை கேள்வி எழுதினே?" என்று கேட்காதீர்கள். எண்ணிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இல்லை என்பதை மேலே பார்த்தோம். அந்தக் கேள்வியைச் சந்திக்க அஞ்சியே கடைசி ஐந்து நிமிடத்தில் கண்டபடி சொடுக்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். சில நாள்களில் ரெஸ்பான்ஸ் ஷீட்டும் விடைக்குறிப்பும் இணையத்தில் வந்துவிடும். அப்போது உட்கார்ந்து கூட்டிக்கொள்ளலாம். அதுவரை சாட் தேர்வுக்குப் படிக்க விடுங்கள்.