பருத்திக் காய்க்குள் நடந்த பரிணாமம்

இந்தியாவில் பிடி பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக Bt, பிடி) பாக்டீரியாவின் நச்சுப் புரதத்தை இந்தச் செடி தானே தயாரித்துக்கொள்ளும். கடிக்கிற புழு சாகும். 2006இல் இரண்டு நஞ்சுகள் கொண்ட விதை வந்தது. 2010இல் குஜராத்தின் அம்ரேலி, பாவ்நகர், ஜுனாகத், ராஜ்கோட் மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் நஞ்சைத் தாங்கிக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் இரண்டாவது நஞ்சும் அதனிடம் எடுபடாமல் போனது. ஆனால் அதே வயலில் அதே செடியைத் தின்ற அமெரிக்கன் காய்ப்புழுவிடம் அந்த நஞ்சுகள் இப்படித் தோற்கவில்லை.

ஏன் இந்த வித்தியாசம் என்று பார்த்தால் இயற்கைத் தேர்வின் சூட்சுமம் முழுவதும் பிடிபட்டுவிடும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். "புழு மருந்துக்குப் பழகிடுச்சு" என்பார்கள். எந்தத் தனிப் புழுவும் பழகுவதில்லை. தின்ற நஞ்சு குடலின் காரத்தன்மையில் கரைகிறது. செரிமான நொதிகள் அதை நறுக்குகின்றன. நறுக்கிய துண்டு குடல் சுவரிலுள்ள கேடரின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு சுவரில் ஓட்டை போடுகிறது. சில நாட்களில் புழு செத்துவிடும். கேடரினுக்கான மரபணு பிறவியிலேயே மாறியிருக்கும் புழுவில் நஞ்சுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். இரண்டாவது நஞ்சுக்கு ஏபிசிஏ2 என்ற வேறொரு புரதத்தில் இதே கதை. இந்த மாற்றங்களை நஞ்சு உண்டாக்கவில்லை. நகலெடுப்பில் நேரும் பிழைகளாக அவை ஏற்கெனவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தவை. 1943இல் லூரியா, டெல்புருக் என்ற இரு விஞ்ஞானிகள் பாக்டீரியாக்களில் செய்த சோதனை காட்டியதும் இதைத்தான்: வைரஸைத் தாங்கும் மாற்றம், வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே தோன்றியிருந்தது.

இனி கணக்கு. ஒவ்வொரு புழுவிலும் ஒரு மரபணுவுக்கு இரண்டு நகல்கள், தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. ஒரு நகல் சரியாக இருந்தாலே நஞ்சுக்குப் பிடிமானம் கிடைத்துவிடும், புழு சாகும். இரண்டும் மாறியிருந்தால்தான் பிழைக்கும். ஆயிரம் நகலில் ஒன்று மாறியது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி புழுக்களில் இரண்டு நகலும் மாறியவை 10; ஒன்று மட்டும் மாறியவை ஏறக்குறைய 20,000.

வட்டாரம் முழுக்கப் பிடி பருத்தி மட்டுமே இருந்தால் அந்தப் 10தான் மிஞ்சும். அவை தங்களுக்குள்ளேயே இணைசேரும். பிறப்பவை எல்லாமே நஞ்சைத் தாங்கும். 20 சதவீத நிலத்தில் பிடி அல்லாத பருத்தி இருந்தால் நிலைமையே வேறு. அங்கே 20 லட்சம் சாதாரணப் புழுக்கள் உயிரோடு இருக்கும். பிடி வயலிலிருந்து பிழைத்து வருபவை வெறும் 8. புழு வளர்ந்து அந்துப்பூச்சியாகித்தான் இணைசேரும்; அந்த எட்டுக்கும் கிடைக்கும் இணை ஏறக்குறைய நிச்சயமாகச் சாதாரண அந்துப்பூச்சிதான். பிறக்கும் குட்டிப்புழுக்களில் ஒரு நகல் சரியாக இருக்கும். அவை பிடி செடியைக் கடித்தால் சாகும். மாறிய நகலின் பங்கு 0.1 சதவீதத்திலிருந்து 0.1004 ஆகிறது. அசையவில்லை என்றே சொல்லலாம்.

விதைப் பையில் 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதாரண விதையையும் வைத்ததற்குக் காரணம் இதுதான். வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது 20 சதவீதப் பரப்பு, இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு அதை விதைக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான விவசாயிகள் விதைக்கவில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் புழுவுக்கென்று ஒரு பங்கை விடச் சொன்னால் எப்படி விடுவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடைக்கலப் பயிர், அதாவது புழுவுக்கென்று விடும் இந்தச் சாதாரணப் பருத்தி, இருந்தாலும் கணக்கைக் கெடுக்கும் இன்னொன்று உண்டு: நஞ்சின் அளவு குறைவது. ஒரு நகல் மட்டும் மாறிய புழுக்களில் பாதி பிழைக்கும் அளவுக்கு நஞ்சு குறைந்துவிட்டால், பிடி வயலிலிருந்து 8க்குப் பதிலாக 8,000 புழுக்கள் வெளியே வரும். அதே 20 சதவீத அடைக்கலம் இருந்தும் மாறிய நகலின் பங்கு ஒரே தலைமுறையில் மூன்று மடங்காகி 0.3 சதவீதத்தைத் தொடும். இப்படியே போனால் நான்காம் தலைமுறையில் 7 சதவீதத்தைத் தாண்டும்.

இந்தியாவில் நஞ்சு குறைய வழிகள் இருந்தன. செடிக்கு வயதாக ஆகப் புரத உற்பத்தி இறங்கும். மேலும் இங்கே விற்றது கலப்பின விதை. அதன் காய்க்குள் இருக்கும் விதைகளில் நச்சு மரபணுக்கள் பிரிந்து போகின்றன: 16 விதைகளில் சராசரியாக 9இல் இரண்டு நஞ்சும், 6இல் ஏதோ ஒன்று மட்டும், ஒன்றில் எதுவுமே இல்லாமலும் இருக்கும். இந்தப் புழுவுக்கு விதைதான் சாப்பாடு. போதாக்குறைக்குச் சாகுபடி நீண்டுகொண்டே போகும். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம்தான் ஆகும் என்பதால், ஜனவரிக்குப் பிறகும் நிற்கும் செடி புழுவுக்குக் கூடுதல் தலைமுறைகளைக் கொடுக்கிறது.

அமெரிக்கன் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, மக்காச்சோளம் என்று எதையும் விடாது. யாரும் விதைக்காமலே அதற்கு ஊரெல்லாம் அடைக்கலம். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ பெரும்பாலும் பருத்தியையே நம்பி வாழ்வது. பருத்தி ஏறக்குறைய முழுக்கப் பிடியானதும், சாதாரணப் புழுக்கள் பிழைக்க இடமே இல்லாமல் போனது.

சீனாவின் யாங்சி பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கு தற்செயலாகத் திரும்பியது. அங்கே பிடி செடியையும் சாதாரணச் செடியையும் இணைத்துக் கலப்பினமாக்கி, அந்தக் கலப்பினத்தின் அடுத்த தலைமுறை விதையை மலிவாக விற்றார்கள். அதில் கால் பங்குச் செடிகள் நஞ்சில்லாதவை. ஏறத் தொடங்கியிருந்த எதிர்ப்புத்திறன் இறங்கியது. எதிர்ப்புத்திறன் புழுவுக்கு இலவசமாகவும் கிடைப்பதில்லை: அமெரிக்காவின் அரிசோனாவில் ஆராய்ந்த எதிர்ப்புப் புழுக்கள், நஞ்சில்லாத இடத்தில் சாதாரணப் புழுக்களைவிடப் பின்தங்கின. நஞ்சு விலகினால் தேர்வின் திசையும் மாறும்.

அந்த அரிசோனாவில் 2006 முதல் அடைக்கலப் பயிருக்குப் பதிலாக வேறொன்றைச் செய்தார்கள். கதிர்வீச்சால் மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் வளர்த்து விமானத்திலிருந்து தூவினார்கள். பொறியில் விழும்போது இனம் காண, வளர்ப்பு உணவிலேயே சிவப்புச் சாயம் கலந்திருந்தது. எதிர்ப்புத்திறனோடு தப்பிப் பிழைக்கும் பூச்சி மலட்டு இணையோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. 2018இல் அமெரிக்கப் பருத்திப் பகுதிகளிலிருந்து இந்தப் புழு ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

பிடி நஞ்சு இந்தப் புழுவிடம் தோற்றுவிட்ட நம் வயல்களில் இப்போது இனக்கவர்ச்சிப் பொறிதான் (பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கும் பொறி) கண்காணிப்புக்கு. ஒரு பொறியில் இரவுக்கு 8 அந்துப்பூச்சி வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் மருந்தடிக்கும் நேரம் வந்துவிட்டது. ஒரே வகை மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் மேலே போட்ட கணக்கு அந்த மருந்துக்கும் தொடங்கிவிடும். குறுகிய கால ரகம் போட்டு டிசம்பருக்குள் பறிப்பை முடித்து, காய் மிஞ்சாமல் செடியைப் பிடுங்கி அழித்தால், கடைசி விதைக்குள் உறங்கக் காத்திருக்கும் புழுவுக்கு இடம் கிடைக்காது.