கடைக்கோடிவாதம்: இடதுக்கும் வலதுக்கும் ஒரே சொல்

வவுனியாவில் இளைஞர் பயிற்சி ஒன்றுக்கென அச்சடித்த கைந்நூலில் ஓர் அட்டவணை. இடப்பக்கத் தலைப்பு 'இடதுசாரித் தீவிரவாதம்'. வலப்பக்கத் தலைப்பு 'வலதுசாரிக் கடும்போக்கு'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: எக்ஸ்ட்ரீமிசம். ஒப்பிடுவதற்கென்று போட்ட அட்டவணையில், தலைப்பிலேயே தீர்ப்பை எழுதிவிட்டார்கள். இடதில் நிற்பவர் குற்றவாளி, வலதில் நிற்பவர் வெறும் பிடிவாதக்காரர். பத்திரிகைகளிலும் வானொலியிலும் இதே பிரிப்பைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டும்.

இடது, வலது என்பது 1789இல் பிரெஞ்சுத் தேசிய சபையில் அமர்ந்த ஒழுங்கு. மன்னரின் அதிகாரத்துக்கு ஆதரவானவர்கள் தலைவருக்கு வலப்புறம் இருந்தார்கள், எதிரானவர்கள் இடப்புறம். எக்ஸ்ட்ரீம் என்பதன் இலத்தீன் மூலத்துக்குக் கடைசி எல்லை, ஆக வெளியே இருப்பது என்று பொருள். ஆக இடது, வலது, எக்ஸ்ட்ரீம் மூன்றுமே இடத்தைக் குறிப்பவை.

'தீவிரம்' அப்படியல்ல. வடமொழியிலிருந்து வந்த அந்தச் சொல் வேகத்தையும் உக்கிரத்தையும் சொல்வது. பிள்ளை சோதனைக்குத் தீவிரமாகப் படிக்கிறாள்; ஆசுப்பத்திரியில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நடுவில் நின்றுகொண்டே ஒருவர் தீவிரமாக இருக்கலாம். கடைக்கோடியில் நிற்பவர் ஆறுதலாக, சிரித்தபடி கதைக்கலாம். ஐரோப்பாவில் வாக்குக் கேட்டு வருபவர்களில் பலர் அப்படித்தான் வருகிறார்கள்.

வரலாற்றுப் பாடநூல்களில் 'தீவிரவாதி' கௌரவமான சொல். 1907இல் சூரத்தில் காங்கிரஸ் உடைந்தபோது மிதவாதிகள் ஒரு புறம், தீவிரவாதிகள் மறுபுறம். வ.உ.சி.யும் பாரதியும் இரண்டாவது அணி. பிறகு தமிழ்நாட்டுச் செய்திகளில் அந்தச் சொல் குண்டு வைப்பவருக்குப் போனது. இலங்கையில் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் 'பயங்கரவாதி'யைத் தந்தது. வன்னியில் இரண்டு சொல்லும் ஒரே ஆளின் தலையில்தான் விழுந்தன. 2009க்குப் பிறகு தடுப்பிலிருந்தும் புனர்வாழ்விலிருந்தும் வந்தவர்கள் இருக்கும் ஊரில், 'அரசியல் தீவிரவாதம் பற்றிக் கலந்துரையாடுவோம்' என்று கூட்டத்தைத் தொடங்கினால் யார் வாய் திறப்பார்? 2021 மார்ச்சில் அதே சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள், வன்முறை சார்ந்த எக்ஸ்ட்ரீமிச மதக் கருத்தியல் உடையவர் என்று சொல்லி ஆளை மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பலாம் என்றன. ஒரு சொல்லின் எல்லை தவறினால் மனிதர் உள்ளே போகும் நாடு இது.

இன்னொரு கேடும் உண்டு. ராடிக்கல் என்பதற்கும் நம்மவர்கள் 'தீவிர' என்றே போடுகிறார்கள். ராடிக்கலின் இலத்தீன் மூலத்துக்கு வேர் என்று பொருள். வேர்வரை போய் மாற்ற விரும்புவது. ஜெர்மனியில் அரசியலமைப்பைப் பாதுகாக்கும் பணியகம் இவ்விரண்டையும் கவனமாகப் பிரிக்கிறது: ராடிக்கல் சட்டத்துக்குள் நின்று அடியோடு மாற்றக் கேட்பவர், எக்ஸ்ட்ரீமிஸ்ட் சனநாயக அடிப்படையையே தகர்க்க முனைபவர். அங்கிருக்கும் உறவுகள் தொலைபேசியில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்கிறார்கள். நமது செய்தியில் இரண்டும் 'தீவிர வலதுசாரி' ஆகிவிடுகிறது.

'கடும்போக்கு' நல்ல சொல், ஆனால் விட்டுக்கொடாமைக்கு. சமாதானப் பேச்சில் இறங்கிவராதவர் கடும்போக்காளர். 'முனைவாதம்' என்றும் யோசிக்கலாம். சுருக்கமானது, தூய தமிழ். ஆனால் வன்னியில் முனை என்றால் களமுனை. அது வேண்டாம்.

என் தெரிவு கடைக்கோடிவாதம். வீட்டுக்கோடி, தெருக்கோடி என்று தினமும் புழங்கும் சொல். வெறும் 'கோடிவாதம்' என்றால் பணக்கணக்காகக் கேட்கும். 'கடை' சேர்ந்தால் குழப்பம் தீரும். தனுஷ்கோடி என்றால் வில்லின் நுனி. வில்லுக்கு இரண்டு கோடி. நாணை இழுக்க இழுக்க இரண்டும் நெருங்கும், ஆனால் ஒன்றாகாது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜான் பியர் ஃபாய் குதிரை லாடத்தை வைத்துச் சொன்னது இடது, வலதுக் கடைக்கோடிகளின் இந்த நெருக்கத்தைத்தான்.

இத்தாலியைப் பாருங்கள். 1978இல் இடதுசாரி ஆயுதக் குழுவான சிவப்புப் படையணிகள் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்திக் கொன்றன. 1980 ஆகஸ்டில் வலதுசாரி நவபாசிசவாதிகள் பொலோனியா ரயில் நிலையத்தில் வைத்த குண்டில் 85 பேர் இறந்தார்கள். நோக்கம் வேறு, இலக்கு வேறு. அந்த வேறுபாட்டை ஆராயத்தான் ஒப்பீடு. இத்தாலியர் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து, 'எதிரெதிர் எக்ஸ்ட்ரீமிசங்கள்' என்றே வாதிட்டார்கள். இங்கே 1971இலும் 1987–89இலும் கிளர்ந்த ஜே.வி.பி. இடதுசாரிக் கட்சி, ஆனால் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்தபோது பேசியது சிங்களத் தேசியவாதம். அதை அட்டவணையின் எந்தப் பக்கத்தில் போடுவது என்று கேட்கக்கூட அந்தக் கைந்நூலில் இடமில்லை.

'கோடி' வடமொழி என்று தூய்மைவாதிகள் சொல்வார்கள். வளைதலைக் குறிக்கும் 'கோடு' நம்முடையது, அதிலிருந்து வந்ததாகக் கொள்வோரும் உண்டு. எதுவானாலும் 'தீவிர'த்தைவிடத் தமிழில் ஊறிய சொல். மொழிபெயர்ப்பவர்கள் கொழும்பில் ஓர் இரவில் முடித்து அனுப்பாமல், கிளிநொச்சியில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினாலே பாதிப் பிழை தீரும். எக்ஸ்ட்ரீமிசத்துக்குக் கடைக்கோடிவாதம், ராடிக்கலுக்குத் தீவிரம், விட்டுக்கொடாதவருக்குக் கடும்போக்கு. வன்முறையும் சேர்ந்தால் 'வன்முறைக் கடைக்கோடிவாதம்' என்று அதைத் தனியாகச் சொல்லுங்கள், இடதானாலும் வலதானாலும்.