தாவுகிற குட்டியைத் திட்டாதீர்கள், அது அதைத்தான் கேட்கிறது

"டாக்டர், இது அடங்குறதுக்கு ஏதாச்சும் ஊசி போட்டு விடுங்க." மூன்றரை மாத லேப்ரடார் குட்டியை மேசைமேல் ஏற்றியதும் இப்போதெல்லாம் வருகிற முதல் பேச்சு இதுதான். வருகிறவர் மேலெல்லாம் தாவுகிறது, முந்தானையைக் கவ்வி இழுக்கிறது, சாப்பிட உட்கார்ந்தால் குரைத்தே கொல்கிறது. கடைசியாக வந்த குட்டிக்கு மூக்குத்தண்டு வீங்கியிருந்தது. செருப்பால் 'லேசா' ஒரு தட்டு தட்டினார்களாம். அடக்குவதற்கு ஊசி கிடையாது. அந்தக் குட்டிக்கு, வீக்கத்தைத் தவிர, வியாதியும் கிடையாது.

திட்டுவது தண்டனை என்று நீங்கள்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். குட்டி தாவுகிறது. "ஏய், ச்சீ, இறங்கு" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் தள்ளுகிறீர்கள். அதுவரை போனில் மூழ்கியிருந்த ஆள் இப்போது திரும்பினார், முகம் பார்த்தார், பேசினார், தொட்டார். அது கேட்டதே இந்த நான்கையும்தான். போதாததற்கு, கூடப் பிறந்த குட்டிகளோடு அது விளையாடியதெல்லாம் தள்ளுமுள்ளுதான். நீங்கள் தள்ளத் தள்ள ஆட்டம் சூடு பிடித்துவிட்டதாக நினைக்கும். "எவ்வளவு திட்டினாலும் புத்தி வரல" என்கிறீர்கள். அதற்கு நன்றாகவே புத்தி வந்திருக்கிறது: தாவினால் ஆள் திரும்புவார். வலிக்கிற மாதிரி அடித்தால் தாவுவது நிற்கலாம். கூடவே, ஓங்கிய கையைக் கண்டால் பயந்து கடிக்கிற நாய் ஒன்று உங்கள் வீட்டில் வளரும். முழங்காலால் நெஞ்சில் இடிக்கச் சொல்லும் வீடியோக்களைத் தயவுசெய்து நம்பாதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேட்டைத் திறந்து உள்ளே வரும்போது பேச்சு வேண்டாம், கண்ணைப் பார்க்க வேண்டாம். தாவினால் கையைக் கட்டிக்கொண்டு மரமாகத் திரும்பி நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியே, உப்பு போடாமல் அவித்த கோழித் துண்டு ஒன்றைத் தரையில் போடுங்கள். பொட்டுக்கடலை அளவு போதும். கையை உயர்த்திக் கொடுத்தால் மறுபடி தாவச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். பிறகு குனிந்து, தலையில் அல்ல, நெஞ்சுப் பக்கம் தடவுங்கள். அடுத்த கட்டமாக, தீனியை மூக்குக்கு நேரே காட்டி, தலைக்கு மேலாகப் பையப் பின்னால் கொண்டுபோங்கள். தலை உயர, பின்பக்கம் தானாக உட்காரும். உட்கார்ந்த பிறகுதான் கொஞ்சல். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. இந்தத் தீனியெல்லாம் சேர்ந்து அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

விருந்தாளி வந்தால் கயிற்றைத் தரையில் விட்டு மிதித்துக்கொள்ளுங்கள். குட்டி வசதியாக நிற்க முடிய வேண்டும், தாவ நீளம் பத்தக் கூடாது.

இதையெல்லாம் கெடுப்பவர் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் தாத்தா. எல்லோரும் முகம் திருப்ப, டீயில் நனைத்த ரஸ்க்கை மேசைக்கு அடியில் அவர் நீட்டுவார். பத்துத் தடவையில் ஒரு தடவை கிடைத்தாலும் குட்டி விடாது. எப்போதாவது கிடைப்பதுதான் அதை இன்னும் பிடிவாதமாக்கும். தாத்தாவிடம் பக்குவமாகப் பேசுங்கள். எட்டாவது மாதத்தில் 25 கிலோ லேப்ரடார் தாவும்போது முதலில் விழப்போவது அவர்தான்.

இடையில் ஒன்று. தாவும்போது நகம் கீறி ரத்தம் வந்தால் "குட்டிதானே" என்று மஞ்சள் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்கு அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

குரைப்பதில், முதலில் காரணம் பாருங்கள். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. அதற்காகக் குரைத்தால் வெளியே கூட்டிப் போக வேண்டும். பசி, தாகம், தனிமை எதுவும் இல்லை, உங்கள் தட்டைப் பார்த்துத்தான் குரைக்கிறது என்றால் மட்டும் கண்டுகொள்ளாதீர்கள். மூன்று நொடி அமைதியானதும் கவனியுங்கள். முதல் சில நாள் குரைப்பு கூடித்தான் குறையும். பலரும் அங்கேதான் தோற்கிறார்கள். ஐந்தாவது நிமிடம் பொறுக்காமல் ஒரு வாய் கொடுத்தால், நாளைக்கு ஐந்து நிமிடம் குரைக்கக் கற்றுக்கொடுத்தாயிற்று.

கிரில் கேட்டில் கட்டிப்போட்டு, போகிற வருகிற பால்காரர், கேஸ் வண்டி, ஸ்கூல் வேன் அத்தனைக்கும் குரைக்க விட்டுவிட்டு "ராஜபாளையம் ரத்தம், அப்படித்தான் இருக்கும்" என்று பெருமைப்படுகிறவர்களும் உண்டு. அது ரத்தம் இல்லை, சலிப்பு. மொட்டைமாடியில் பூட்டுவது தீர்வு அல்ல. மதுரை வெயிலில் அது உயிருக்கே ஆபத்து.

மாலையில் பிள்ளைகள் வந்ததும் குட்டி வெறிபிடித்த மாதிரி ஓடிக் கடிக்கிறதா? பாதி நேரம் அது தூக்கம் போதாத கோளாறு. இந்த வயதில் நாளைக்கு 18 மணி நேரமாவது தூங்க வேண்டும். ஃபேன் போட்ட அறையில், நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்த பழைய காட்டன் துண்டைக் கடிக்கக் கொடுத்து விட்டுவிடுங்கள். நூல் பிரிந்தால் எடுத்துவிடுங்கள், விழுங்கிவிடும்.

சாதுவாக இருந்த குட்டி திடீரென்று குரைக்க ஆரம்பித்தால், காதைச் சொறிந்தால், தொட்டதும் கத்தினால், அது சேட்டை இல்லை. அன்றே கூட்டி வாருங்கள்.