சேஃப்டி ஷூவுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை: சோல் ஒட்டுதலுக்கு விதி கேட்பது என்ன?

ஸ்டீல் டோ (விரல்களைக் காக்கும் இரும்பு முன்மூடி) வைத்த சேஃப்டி ஷூவை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் நம் நாட்டில் விற்கக் கூடாது. 2020-இல் மத்திய அரசு பிறப்பித்த தரக் கட்டுப்பாட்டு ஆணை இதைக் கட்டாயமாக்கியது. இறக்குமதி செய்பவருக்கும் இதே விதிதான். ஏற்றுமதிக்கென்றே செய்யும் சரக்குக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதி ஆர்டர் ஓட்டும் கம்பெனி, அதே ஷூவை உள்ளூரிலும் விற்க நினைத்தால் உரிமம் வாங்கியாக வேண்டும்.

பார்க்கப்படும் தரநிலை ஐ.எஸ். 15298, இரண்டாம் பாகம். டோ 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாதது சோல் ஒட்டுதல். ஷூவிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, அப்பரையும் (ஷூவின் மேல்பகுதி) சோலையும் இயந்திரத்தில் பிடித்துப் பிரிப்பார்கள். மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன் தாங்க வேண்டும். அதாவது ஒரு செ.மீ. அகலத்துக்குச் சுமார் 4 கிலோ இழுப்பு. ஒட்டு விடாமல் சோலே கிழிந்தால் 3 நியூட்டன் போதும். நியாயம்தான், பசை தன் வேலையைச் செய்துவிட்டதே! தையல் போட்ட சோலுக்கு இந்தச் சோதனை கிடையாது.

இங்கேதான் பிளாஸ்மா கருவி விற்பவர்கள் வருகிறார்கள். தோலுக்குள் இருக்கும் எண்ணெய், மேலே பூசிய மெழுகு, சிலிக்கோன் இவற்றால் பசை பரவாமல் முத்து முத்தாக நிற்கும். பிளாஸ்மா என்பது மின்னூட்டத்தால் அயனியாக்கிய காற்று. அது மேல்பரப்பில் உள்ள அழுக்கைச் சிதைத்து, பசை பிடித்துக்கொள்ள ஆக்சிஜன் கலந்த இடங்களை உண்டாக்கும். கரைப்பான் நாற்றம் இல்லை. ஆனால் அது வேலை செய்வது நானோமீட்டர் ஆழத்தில்தான். உள்ளிருக்கும் எண்ணெய் மெல்ல மேலே வந்துவிடும்; ஆகவே பிளாஸ்மா காட்டிய கையோடு பசை தடவ வேண்டும். தோலின் மேல் தடித்த ஃபினிஷ் (மேல்பூச்சு) இருந்தால் ரஃபிங் செய்து, அதாவது சுரண்டிச் சொரசொரப்பாக்கி, தோலின் நாரை வெளியே கொண்டுவருவதற்கு இது மாற்று இல்லை.

எந்த முறையில் ஒட்டினீர்கள் என்று இந்தச் சோதனை கேட்பதில்லை. எண் வந்தால் போதும். "பிளாஸ்மா இருந்தால்தான் ஐ.எஸ்.ஐ. கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

லட்சங்களைக் கொட்டும் முன், பிரிந்த பட்டையை உற்றுப் பாருங்கள். பசை முழுதும் சோலோடு போய், தோல் பக்கம் மொழுமொழுவென்று இருந்தால் கோளாறு தோலில். ரஃபிங்கையோ பிளாஸ்மாவையோ அப்போது யோசிக்கலாம். பசை தோலில் தங்கி சோல் சுத்தமாக இருந்தால், ரப்பர் சோலுக்குப் பசைக்கு முன் போடும் பிரைமர் பூச்சைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் பசை இருந்தால் உலரவிட்ட நேரம், சூடு, அழுத்தம் எதிலோ குறை. அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திடம் யோசனை கேட்கலாம்.

அப்புறம் உரிமம். ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் மானக் ஆன்லைன் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் தொழிற்சாலை இருக்கும் இடத்துக்குத்தான்; கம்பெனி பெயருக்கு மொத்தமாகக் கிடைக்காது. இன்னொரு ஊரில் யூனிட் திறந்தால் அதற்குத் தனி உரிமம். பி.ஐ.எஸ். சட்டம் 2016-இன்படி, மீறினால் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சத்துக்குக் குறையாத அபராதம்.

வாங்குகிறவர்கள், முத்திரையோடு அச்சான சி.எம்./எல். எண்ணை (உரிம எண்) பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் யார் செய்தது, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.