காற்று எந்தப் பக்கம்?

மணலியிலிருந்து மாதவரம் போகும் சாலையில் காலை ஒன்பது மணிக்கு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்குப் பொறுமை தானாக வந்துவிடும். முன்னால் ஒரு டேங்கர், பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, நடுவில் நாம். அப்படி மாட்டிக்கொண்ட ஒரு நாளில்தான், டேங்கரின் முதுகில் இருக்கும் பலகையை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். இடப்பக்கம் மேலே ‘2 ஒய் இ’ என்று மூன்றே எழுத்து. அதற்குக் கீழே 1075. வலப்பக்கம் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு தீச்சுடர். அடியில் ஒரு தொலைபேசி எண்.

வாகனம் கவிழ்ந்து கிடக்கும்போது, முதலில் வந்து சேரும் தீயணைப்பு வீரர் தூரத்தில் நின்றபடியே படித்துப் புரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது அது. 1075 என்பது சமையல் எரிவாயுவுக்கு ஐ.நா. கொடுத்திருக்கும் எண். உலகில் எந்த ஊரில் பார்த்தாலும் அந்த எண்ணுக்கு அதே அர்த்தம்தான். ‘2’ என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதே, மூடுபனிபோல மெல்லிய தூவலாகத் தெளி என்று பொருள். ‘ஒய்’ என்ற ஓர் எழுத்து மூன்று செய்திகளைச் சுமக்கிறது: மூச்சுக் கருவியும் தீப்பாதுகாப்பு உடையும் அணிந்துகொள், பொருளைக் கால்வாயில் இறங்கவிடாமல் தடுத்து நிறுத்து, அது சீறி வெடிக்கக்கூடும். கடைசி ‘இ’, சுற்றியிருக்கும் மக்களை வெளியேற்றுவது பற்றி உடனே யோசி என்கிறது. பெட்ரோல் டேங்கரில் இதுவே ‘3 ஒய் இ’, 1203 என்று இருக்கும். ‘3’ நுரையைக் குறிக்கிறது. பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும் என்பதால், எரியும் பெட்ரோல்மேல் தண்ணீரைக் கொட்டினால் நெருப்பு தண்ணீரோடு சேர்ந்து தெருவில் ஓடும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, இந்தப் பலகையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சில லாரிகளில் எண்ணே தெரியாத அளவுக்குப் புழுதி அப்பிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். ஓர் ஈரத்துணி போதும் துடைக்க. யாருக்கும் நேரமில்லை.

அபாயகரமான வேதிப்பொருள் கசிந்த இடத்தில் பயிற்சி பெற்ற குழு செய்யும் முதல் காரியம், தள்ளி நிற்பது. பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். “வண்டி வந்து பத்து நிமிஷமாச்சு, இன்னும் அங்கேயே நிற்கிறார்களே” என்று கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவர் தொலைநோக்கியால் பலகையைப் படிக்கிறார், ஒருவர் காற்றின் திசையைப் பார்க்கிறார், இன்னொருவர் கையேட்டைப் புரட்டுகிறார். விரைந்து போவதே தொழில் என்று பழகிய தீயணைப்பு வீரர்களுக்கு இந்த நிதானத்தைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. ஏன் என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் தேவையில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் அங்கேயே விழுந்த செய்தியை நம் ஊரில் எத்தனை முறை படித்துவிட்டோம்! அங்கே உயிரெடுக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். செறிவு கூடினால் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று உள்ளே போகிறவர் திரும்பி வருவதில்லை.

நிற்பது என்றால் எங்கே நிற்பது? காற்று வரும் பக்கம், கூடுமானால் மேட்டில். விதி எளிது. சென்னையில் அதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் இந்த ஊரின் காற்று ஒரே நாளில் கட்சி மாறும். மே, ஜூன் மாதக் காலைகளில் காற்று மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, அதன்மேல் உள்ள காற்று லேசாகி எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். நாம் மெரினாவில் சட்டையைத் தளர்த்திக்கொண்டு அனுபவிக்கும் கடற்காற்று இதுதான். எண்ணூரில் காலையில் மேற்குப் பக்கம் பத்திரமாகக் கூடாரம் அடித்த குழு, நண்பகலுக்குப் பிறகு அதே இடத்தில் இருந்தால் நச்சுவாயுவின் நேர்ப்பாதையில் இருக்கும். அதனால்தான் காற்றுத் திசையை ஒருமுறை பார்த்துவிட்டு ஓய முடியாது. ஒரு கம்பும் நுனியில் ஒரு நாடாவும் போதும். அதைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும்.

நேரத்துக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து வெளியிடும் அவசரகாலக் கையேட்டில் ஒவ்வொரு நச்சுவாயுவுக்கும் பகல் தூரம், இரவுத் தூரம் என்று இரண்டு கணக்கு இருக்கும். குளோரின் சிறிய அளவில் கசிந்தால் காற்றுப் போகும் திசையில் பகலில் சில நூறு மீட்டர் தூரத்துக்கு மக்களைக் காக்க வேண்டும். இரவிலோ ஒரு கிலோமீட்டருக்கு மேல். அதே வாயு, அதே அளவு. பகலில் சூடான தரை காற்றைக் கிளறி, வாயுவை மேலே இழுத்துக் கலைத்துவிடுகிறது. இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்று அசையாமல் படிந்துவிடுகிறது. அதற்குள் மாட்டிய வாயு கலையாமல், வீட்டு வாசல் உயரத்திலேயே ஊர்ந்து போகும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை எண்ணூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குத் திரவ அம்மோனியாவைக் கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி விழித்தெழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலத்தில் படகும் வலையும் நாசமாகி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரே ஊருக்கு ஒரே மாதத்தில் இரண்டு.

அம்மோனியா விசித்திரமான வாயு. மூலக்கூறு எடைக் கணக்குப்படி அது காற்றைவிட லேசானது. காற்று 29 என்றால் அம்மோனியா 17. மேலே பறந்துபோக வேண்டியதுதானே? ஆனால் குழாயில் அது மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்ட திரவமாக இருக்கலாம், அல்லது அழுத்தத்தில் அடைபட்டிருக்கலாம். வெளியே வந்ததும் நுண்ணிய துளிகளும் குளிர்ந்த ஆவியும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து வெள்ளை மேகமாகித் தரையோடு தவழும். சூடேறிய பிறகுதான் எழும்பும். பாடப்புத்தகத்தை மட்டும் நம்பிப் போகிறவர் அந்த மேகத்துக்குள் போய்ச் சிக்குவார்.

அம்மோனியாவுக்குத் தண்ணீர்மேல் தீராத மோகம். ஒரு லிட்டர் தண்ணீர் நூற்றுக்கணக்கான லிட்டர் அம்மோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும். குழுவினர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வாயு மேகத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே குழாய்களை விசிறிபோல விரித்து நீர்த்திரை கட்டுவார்கள். வாயு அதில் கரைந்து கீழே விழும். ஆனால் தரையில் தேங்கிய திரவ அம்மோனியாமேல் அதே தண்ணீரை ஊற்றக் கூடாது. மைனஸ் 33 டிகிரியில் இருக்கும் திரவத்துக்கு நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் கொதிக்கும் எண்ணெய்போல. ஊற்றிய மாத்திரத்தில் பொங்கி ஆவியாகி, மேகத்தை இரட்டிப்பாக்கிவிடும். அம்மோனியா நெடியில் மாட்டிக்கொண்டவர் நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும் இதே வேதியியல்தான். தப்பும்போது வாயு போகும் திசையிலேயே அதனோடு போட்டிபோட்டு ஓடாமல், காற்றுக்குக் குறுக்காக நடந்து மேகத்தின் ஓரத்தைத் தாண்ட வேண்டும். அந்த இரவில் இதை யார் நினைத்துப் பார்த்திருக்க முடியும்?

தண்ணீர் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைத்துவிட்டால் குளோரின் பாடம் புகட்டும். குடிநீரைச் சுத்திகரிக்க இது உருண்டையான பெரிய உருளைகளில் வருகிறது. சுமார் 900 கிலோ கொள்ளளவு. ‘டன்னர்’ என்பார்கள். கசியும் டன்னரின் ஓட்டைமேல் தண்ணீர் அடித்தால் குளோரின் நீரோடு சேர்ந்து அமிலமாகும். அமிலம் இரும்பை அரிக்கும். ஊசித்துளை விரல்துளையாகும். அதனால் அங்கே தண்ணீர் கூடாது. முதல் வேலை, டன்னரை உருட்டுவது. படுத்திருக்கும் உருளையில் அடிப்பகுதி திரவம், மேல்பகுதி வாயு. ஓட்டை அடியில் இருந்தால் திரவம் கொட்டும். ஒரு பங்கு திரவம் நானூறு பங்குக்கு மேல் வாயுவாக விரியும். ஓட்டை மேலே வரும்படி உருட்டிவிட்டால் வெறும் வாயு மட்டும் வெளியேறும், ஆபத்து பல மடங்கு குறையும். பிறகு மூடியும் கொக்கியும் அடங்கிய கருவிப்பெட்டியைத் திறந்து, ஓட்டைமேல் தொப்பி வைத்து இறுக்குவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி? அம்மோனியாக் கரைசல் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி அருகே காட்டுவார்கள். கசியும் இடத்தில் வெள்ளைப் புகை எழும்பும். ஒரு விஷத்தைக் காட்டிக்கொடுக்க இன்னொரு விஷம். குளோரின் காற்றைப்போல இரண்டரை மடங்கு கனம் என்பதால் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் மாடிக்குப் போய்க் கதவு ஜன்னலை அடைத்துக்கொள்வது நல்லது.

எரிவாயு டேங்கருக்கு இன்னொரு நியாயம். கசிந்த இடத்தில் தீப்பிடித்திருந்தால், கசிவை அடைக்க வழி கிடைக்கும்வரை அந்தத் தீயை அணைக்க மாட்டார்கள். எரியட்டும் என்று விட்டு, டேங்கரின் உடம்பைத் தண்ணீரால் குளிரவைத்துக்கொண்டே இருப்பார்கள். தீயை அணைத்துவிட்டால் எரியாத வாயு சாக்கடை வழியே ஊர்ந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடை அடுப்பைச் சந்திக்கும். டேங்கரே தீயின் நடுவில் மாட்டிக்கொண்டால் கையேடு சொல்லும் தூரம் எல்லாப் பக்கமும் 1,600 மீட்டர். புரசைவாக்கத்தில் அப்படி ஒரு வட்டம் போட்டால் எத்தனை ஆயிரம் பேர் உள்ளே இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தீ இல்லாமல் திரவம் மட்டும் கசிந்தால் ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. ஈரச் சாக்கைச் சுற்றுவது. ஆவியாகும் திரவம் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்ச, சாக்கிலுள்ள தண்ணீர் பனிக்கட்டியாகி ஓட்டையைத் தற்காலிகமாக அடைத்துவிடும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த தொழில்நுட்பம் இதுதான். சணல் சாக்கு!

உள்ளே போகிறவரின் உடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். வடசென்னையில் ஒரு தொழிற்சாலை வளாகத்தில், ஒரு மே மாதக் காலையில் நடந்த ஒத்திகையை ஓரமாக நின்று பார்த்தேன். இடத்தை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். கசிவு இருக்கும் உள்வட்டம், உடல் கழுவும் நடுவட்டம், அதிகாரிகளும் ஆம்புலன்சும் நிற்கும் வெளிவட்டம். உள்ளே போகும் இருவருக்கும் முதலில் நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். தலை முதல் கால் வரை ஒரே துண்டாகத் தைத்த, காற்றுப் புகாத உடை. முதுகில் காற்று சிலிண்டர். இருவர் உள்ளே போனால், அதே உடையில் இன்னும் இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும். முன்னவர்கள் விழுந்தால் தூக்கிவர.

கணக்கைப் பாருங்கள். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று சுமார் 2,040 லிட்டர். கடுமையாக உழைப்பவர் நிமிடத்துக்கு ஐம்பது லிட்டர் மூச்சுவிட்டால் நாற்பது நிமிடம். 55 பாருக்கு இறங்கியதும் விசில் ஊதும், அது கையிருப்பு, தொடக் கூடாது. போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம். வந்த பிறகும் உடையைக் கழுவி முடிக்கும்வரை முகமூடியைக் கழற்ற முடியாது. ஓட்டையை அடைக்கக் கையில் மிஞ்சுவது கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒருவர் அட்டையில் அவர்கள் உள்ளே நுழைந்த நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு, கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இருவரும் திரும்பிவந்தார்கள். குழந்தைகள் குளிக்கும் ரப்பர் தொட்டிபோன்ற ஒன்றில் நிற்கவைத்து, மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவினார்கள். கழுவிய தண்ணீரையும் கால்வாயில் விடவில்லை, பீப்பாயில் பிடித்தார்கள். பிறகு உடையின் வெளிப்பக்கம் உடம்பில் படாதபடி, வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல உட்புறத்தை வெளியே திருப்பிச் சுருட்டி இறக்கினார்கள். இளையவர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தார். அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. தொட்டித் தண்ணீர் உள்ளே போய்விட்டதோ என்று நினைத்தேன். “வியர்வை சார்” என்றார். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றே புகாத உடைக்குள் அது எங்கே காயும்? சென்னை மே மாதத்தில், ரசாயனத்துக்கு முன்பாக வெப்பமே ஆளைச் சாய்த்துவிடக்கூடும் என்றார் பக்கத்தில் நின்ற மருத்துவ உதவியாளர்.

நாற்காலியில் உட்கார்ந்து அந்த இளையவர் இரண்டு டம்ளர் மோரை ஒரே மூச்சில் குடித்தார். மூன்றாவதை நீட்டும்போது வெளிவட்டத்து அதிகாரி கையை உயர்த்தினார். காலை முழுவதும் கடலைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்த கம்பத்து நாடா துவண்டு, இரண்டு மூன்று முறை சுற்றி, எங்கள் பக்கமாகத் திரும்பிப் படபடக்கத் தொடங்கியிருந்தது. மணி பன்னிரண்டரை. உள்ளே கசிந்ததாகப் பாவனை செய்தது வெறும் வண்ணப்புகைதான். ஆனாலும் நாற்காலி, மேசை, மோர்ப் பானை உட்பட எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வளாகத்தின் கிழக்குப் பக்கத்துக்கு நடக்கச் சொன்னார்கள். நடந்தோம்.