எண் தெரிந்தவரெல்லாம் கார்டுக்காரர்

கடையில் கார்டைச் செருகினால், அதிலுள்ள சிப் அந்த ஒரு பரிவர்த்தனைக்கென்றே புதிய சங்கேதக் குறியீட்டைக் கணக்கிட்டுத் தருகிறது. அதை யாராவது பிடித்து வைத்தாலும் மறுமுறை செல்லாது. இணையத்தில் சிப்புக்கு வேலையே இல்லை. கார்டு எண், காலாவதி மாதம், சிவிவி என்னும் 3 இலக்க ரகசிய எண்: மூன்றும் அச்சடித்தவை, கார்டு உயிரோடிருக்கும்வரை மாறாதவை. கோளாறே அங்கேதான்.

இவற்றைத் திருடத்தான் வேண்டும் என்பதில்லை, ஊகிக்கவும் முடியும். எண்ணின் முதல் 6 அல்லது 8 இலக்கங்கள் வங்கியைக் குறிப்பவை. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. 4111 1111 1111 1111 என்ற சோதனை எண்ணில் இடமிருந்து 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களிலுள்ளவற்றை இரட்டித்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள்: 30. பத்தால் வகுபடுகிறது, எண் சரி. (இரட்டித்தது 9-ஐத் தாண்டினால் அதில் 9-ஐக் கழிக்க வேண்டும்.) ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்த இந்தக் கணக்கு, கைத்தவறாக அடித்த எண்ணைப் பிடிப்பதற்கானது. உதவாத எண்களைக் கழித்துக்கட்ட மோசடிக்காரனுக்கும் அதுவே கைகொடுக்கிறது.

கார்டின் ஆயுள் 5 ஆண்டு என்றால் காலாவதி 60 மாதங்களில் ஒன்று. சிவிவி 1,000 எண்களில் ஒன்று. இரண்டையும் சேர்த்தே ஊகிக்க வேண்டுமென்றால் 60,000 முயற்சிகள் வரை ஆகும். ஆனால் காலாவதியை மட்டும் கேட்கும் தளத்தில் முதலில் மாதத்தைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு வேறு தளத்தில் சிவிவியைத் தேடினால்? 60-ம் 1,000-ம் கூட்டல், பெருக்கல் அல்ல: அதிகபட்சம் 1,060. ஒரு தளம் சில தவறுகளிலேயே பூட்டிக்கொண்டாலும், முயற்சிகளைப் பல தளங்களில் பிரித்துப் போடலாம். நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதைச் செய்தே காட்டினார்கள். 6 வினாடிகளில்கூட முடிந்துவிடும் என்றார்கள்.

சிவிவியைக் கடைக்காரர் சேமித்து வைக்கக் கூடாது என்பது கார்டுத் துறையின் விதி. நல்ல விதிதான். ஆனால் பணம் கட்டும் பக்கத்திலேயே திருட்டு நிரல் புகுந்துவிட்டால், நீங்கள் தட்டும்போதே அது போய்விடும்.

ஆகவேதான் ஓடிபி. அதற்கும் ஓட்டை உண்டு: போலிப் பக்கத்தில் நீங்கள் அடிக்கும் ஓடிபியை, அது காலாவதியாகும் முன்பே உண்மையான தளத்தில் போட்டுவிடுகிறார்கள். ஓடிபி செய்தியில் தொகையும் கடையின் பெயரும் இருந்தால், எண்ணுக்கு முன் அவற்றைப் படியுங்கள். தொகை வேறாக இருந்தால் அடிக்காதீர்கள், வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்குங்கள். நீங்கள் வாங்காத எதற்கோ அற்பத் தொகை கழிந்திருந்தாலும் அப்படியே. கார்டு உயிரோடிருக்கிறதா என்று யாரோ தொட்டுப் பார்த்திருக்கலாம்.